முடிவு தெரிஞ்ச அப்புறமும் படிக்க முடியுதா? சமீபத்துல படிச்ச சில ஹிட் நாவல்கள்

கொஞ்ச நாளா நல்லா வித்த நாவல்களா பார்த்து எடுத்துப் படிச்சிட்டிருக்கேன், அதாவது யாரைக் கேட்டாலும் "இன்னுமா படிக்கல?"னு கேட்பாங்களே, அந்த லிஸ்ட்ல இருக்கிறதுங்க. இதுல பாதி த்ரில்லர். த்ரில்லர்னாலே கடைசி ட்விஸ்ட்ல தலை சுத்திடும்னு ஒரு விளம்பரம் கூடவே ஒட்டிக்கிட்டு வருது, எனக்கு அதைப் பார்த்தாலே கடுப்பு, ட்விஸ்ட் இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா படிக்கிறவன் கதையை விட்டுட்டு ட்விஸ்டைத்தானே தேடிட்டு இருப்பான். அதனால எனக்குன்னு ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன். முடிவு தெரிஞ்ச அப்புறம் முதல் அத்தியாயத்தை மறுபடி திறந்தா மேல படிக்கத் தோணுதா இல்லையா, அவ்வளவுதான். முக்கியமான முடிச்சு எதையும் கீழே உடைக்கல, ஆனா கதையோட ஆரம்பம்கூட தெரியக் கூடாதுன்னு நினைக்கிற ஆளா இருந்தா படிச்சு முடிச்சிட்டு வாங்க.

இந்த டெஸ்ட்ல பலமா அடி வாங்கினது 'தி சைலன்ட் பேஷன்ட்'. அலெக்ஸ் மைக்கேலிடீஸ் எழுதி 2019ல வந்தது, அவருக்கு முதல் நாவல். ஓப்பனிங் செம, அதுல மாற்றுக் கருத்தே இல்ல. அலிசியா பெரன்சன்னு ஒரு ஓவியர், புருஷன் முகத்துல அஞ்சு தடவை சுடுறா, அதுக்கப்புறம் போலீஸ்கிட்டயும் பேசல, கோர்ட்லயும் பேசல, ஒரே ஒரு ஓவியம் வரைஞ்சு அதுக்கு அல்செஸ்டிஸ்னு பேர் வெச்சதோட சரி. லண்டன்ல ஒரு மனநல மருத்துவமனையில அவளை வெச்சிருக்காங்க, தியோ ஃபேபர்னு ஒரு சைக்கோதெரபிஸ்ட் நான் இவளைப் பேச வைக்கிறேன்னு அங்கயே வேலைக்கு சேர்றான். அல்செஸ்டிஸ்ங்கிறது யூரிப்பிடிஸ் எழுதின கிரேக்க நாடகம், புருஷனுக்குப் பதிலா சாக ஒத்துக்கிட்ட மனைவி, மீட்டுக் கொண்டு வந்து நிறுத்தினப்பவும் வாயைத் திறக்காம நிக்கிறா. அந்த மௌனம் கோபமா சந்தோஷமான்னு நாடகத்துலயும் சொல்ல மாட்டாங்க. மைக்கேலிடீஸ் சைப்ரஸ்ல பிறந்தவர், அவருக்கு இந்தக் கதையெல்லாம் சின்ன வயசுலருந்தே பழக்கம் போல. இப்படி ஒரு முடிச்சு கையில கிடைச்சா அதை வெச்சு என்னென்னவோ பண்ணலாம்.

ஆனா பண்ணல. தியோ தெரபி பார்க்கிற நேரத்தைவிட அலிசியாவோட அத்தை வீடு, புருஷனோட அண்ணன் ஆபீஸ், கேலரிக்காரன்னு ஒவ்வொருத்தரையா தேடிப் போய் விசாரிக்கிற நேரம்தான் அதிகம், எந்த ஆஸ்பத்திரியில இதை விடுவாங்க? மேலிடத்துல ஒருத்தர் திட்டுறார், இவன் சரிங்கிறான், மறுபடி போறான். அப்புறம் அந்த டைரி. நடுநடுவுல அலிசியாவோட டைரி வரும், அதுல மத்தவங்க பேசினது வார்த்தை மாறாம மேற்கோள் குறியோட, யார் எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு எந்தக் குரல்ல சொன்னாங்கங்கிற வரைக்கும் பக்கம் பக்கமா இருக்கு. மனசு உடைஞ்சு கிடக்கிற ஒரு பொண்ணு ராத்திரி உட்கார்ந்து இப்படி சீன் பை சீனா எழுதுவாளா? அது டைரி இல்ல, அத்தியாயத்துக்கு தேதி போட்டு வெச்சிருக்காங்க. மைக்கேலிடீஸ் இதுக்கு முன்னாடி சினிமாவுக்கு ஸ்கிரிப்ட் எழுதினவர், அது நல்லாவே தெரியுது. ட்விஸ்ட் வேலை செஞ்சுதான்னு கேட்டா செஞ்சுது, நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனா அது கதையை அடுக்கின வரிசையில பண்ணின கைவேலை, ஆளுங்களோட மனசுக்குள்ளருந்து வந்தது இல்ல, அதனால தெரிஞ்ச அப்புறம் முதல் பக்கத்துக்குப் போனா அங்க நமக்கு எதுவும் மிச்சம் இல்ல. ஒரு தடவை படிக்கலாம். கண்டிப்பா ஒரே ஒரு தடவை.

'தி ஹவுஸ்மெய்ட்' பத்தி ரொம்ப எழுத எதுவும் இல்ல. ஃப்ரீடா மெக்ஃபேடன், 2022, புனைபெயர்ல எழுதுற ஒரு டாக்டர். ஜெயில்லருந்து வந்த மில்லி பணக்கார வீட்டுல வேலைக்கு சேர்றா, மாடிக்கு மேல ஒரு குட்டி ரூம் குடுக்கிறாங்க, அதோட பூட்டு வெளிப்பக்கம் மட்டும் இருக்கு. அந்த ஒரு பூட்டை வெச்சே பாதி புத்தகத்தை ஓட்டிட்டாங்க, அதுக்கு ஒரு சபாஷ் போடலாம். அத்தியாயம் எல்லாம் சின்னச் சின்னது, ஒவ்வொண்ணும் கொக்கி போட்டுத்தான் முடியும், அதனால கீழே வைக்க முடியாதுங்கிறது நிஜம்தான். பாஷை ரொம்ப தட்டை, ஒரே மாதிரி வாக்கியம், ஒரே மாதிரி பயம். தோட்டக்காரன் என்ஸோ தன் இத்தாலிய பாஷையில ஆபத்துன்னு எச்சரிக்கிறான், அதை உருப்படியா புரிய வைக்க இவனுக்கும் வழி தெரியல, கேட்டுத் தெரிஞ்சுக்க அவளுக்கும் தோணல, கதை ஓடணுமேன்னு ஆளுங்களை மட்டமாக்கி வெச்சிருக்காங்க. ரயில்லயோ பஸ்லயோ படிச்சிட்டு மறந்துடலாம். நான் ஏற்கனவே மில்லி தவிர மத்தவங்க பேரை எல்லாம் மறந்துட்டேன், என்ஸோ மட்டும் எப்படியோ தப்பிச்சிட்டான்.

இப்ப நான் எழுத வந்த புத்தகத்துக்கு வர்றேன். 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', கெய்கோ ஹிகாஷினோ, ஜப்பான்ல 2005ல வந்து நவோகி பரிசு வாங்கின நாவல், நான் படிச்சது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. இதுல கொலையை யார் பண்ணாங்க, ஏன் பண்ணாங்க, எதை வெச்சுப் பண்ணாங்க எல்லாமே ஆரம்பத்துலயே கண்ணு முன்னாடி நடந்துடும். யசுகோன்னு ஒரு அம்மா, மிசாட்டோன்னு ஒரு பொண்ணு, விவாகரத்து ஆன பழைய புருஷன் பணம் கேட்டு வீட்டுக்கே வந்து மிரட்டுறான், கைகலப்புல அவன் செத்துப் போறான். பக்கத்து வீட்டுல இஷிகாமின்னு ஒரு கணக்கு வாத்தியார், சுவர் வழியா எல்லாம் கேட்டிருக்கு, கதவைத் தட்டி நான் பார்த்துக்கிறேன்னு சொல்றார். அவ்வளவுதான், மிச்சம் முழுக்க அந்த ஆள் என்ன பண்ணினார்ங்கிறதுதான். மறைக்க வேண்டியதை எல்லாம் முதல்லயே கொட்டிட்டு அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் நம்மளை இழுத்துட்டுப் போறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்.

இஷிகாமி பரீட்சைக்கு கேள்வி செட் பண்றதைப் பத்தி ஒரு இடத்துல பேச்சு வரும். ஜியாமெட்ரி கணக்கு மாதிரி தெரியும், ஆனா உண்மையில அது அல்ஜீப்ரா, பசங்க மனசுல ஏற்கனவே ஊறிப் போன நினைப்பை வெச்சே அவங்களை மடக்கணும்ங்கிறார். போலீஸ்காரர் இதைக் கேட்டுட்டு தலையாட்டிட்டுப் போயிடுவார், நாமும்தான். ஆசிரியர் தன் மொத்த வித்தையையும் அந்த ரெண்டு வரியில நம்ம கையில குடுத்துட்டாருன்னு முடிச்ச அப்புறம்தான் உறைக்கும். முதல் அத்தியாயத்துல அவர் வேலைக்கு நடந்து போற வழியும் அப்படித்தான், ஆத்தங்கரையோரம் யார் யார் இருக்காங்கன்னு நிதானமா சொல்லிட்டே போவார், வர்ணனைன்னு நினைச்சு வேகமா தாண்டிடுவோம். முடிவு தெரிஞ்சதும் நான் அந்தப் பக்கங்களைத் திருப்பி எடுத்துப் படிச்சேன், முதல் தடவையைவிட ரெண்டாவது தடவைதான் பயமா இருந்துச்சு.

இன்னொரு இடம். இஷிகாமியோட பழைய காலேஜ் நண்பன் யுகாவா, இப்போ பிசிக்ஸ் புரொபசர், அப்பப்போ போலீஸுக்கு உதவுற மூளைக்காரர். ரொம்ப வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க, பேச்சுவாக்குல இஷிகாமி நீ இன்னும் இளமையாவே இருக்க, தலைமுடி அப்படியே இருக்குங்கிற மாதிரி ஏதோ சொல்றார். சாதாரணப் பேச்சு. ஆனா கணக்கைத் தவிர உலகத்துல எதையும் கண்டுக்காத மனுஷன் எப்போலருந்து தலைமுடியைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சான்னு யுகாவாவுக்கு அங்கதான் தட்டும். கைரேகை, டிஎன்ஏ எதுவும் இல்லாம ஒரு கூச்சத்தை வெச்சு ஒரு ஆளைப் பிடிக்கிறாங்க பாருங்க, இதுக்குத்தான் நான் நாவல் படிக்கிறேன்.

குறை இல்லாம இல்ல. யசுகோ பாத்திரம் ரொம்ப வெளிறிப் போய் இருக்கு, அவளுக்குன்னு ஒரு கோபமோ ஆசையோ அழுத்தமா வரல, எல்லாரும் அவளை வெச்சு முடிவெடுத்துட்டே இருக்காங்க. இஷிகாமியோட அன்பை நாவல் ஏறக்குறைய கும்பிடுது, அதுல எனக்கு ஒப்புதல் இல்ல. தினமும் அவ வேலை பார்க்கிற கடையிலதான் மதிய சாப்பாடு வாங்குறது, சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறதைக் காது குடுத்துக் கேட்கிறது, அவ யார்கூட வெளியில போறான்னு பார்க்கிறது, இதையெல்லாம் இன்னைக்கு வேற பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தியாகம்னு எழுதிட்டா சரியாயிடுமா? அதே சமயம் அந்தத் தியாகத்துக்காக அவர் செஞ்சது என்னன்னு முழுசா தெரியும்போது ஆசிரியரே நம்மளை அசிங்கப்பட வைக்கிறார்னும் தோணுது, அவர் மேல இரக்கப்பட்டுட்டு இருந்தோமே இப்போ என்ன பண்றதுன்னு. ரெண்டு பக்கமும் வாதாடலாம், நான் வாதாடிட்டுத்தான் இருக்கேன்.

டெலியா ஓவன்ஸோட 'வேர் தி க்ராடாட்ஸ் சிங்' 2018ல வந்தது, அப்போ அவங்களுக்கு வயசு எழுபதை நெருங்கிடுச்சு, நாவல்ல அதுதான் முதல். ஆப்பிரிக்காவுல வருஷக்கணக்கா காட்டு மிருகங்களை ஆராய்ச்சி பண்ணினவங்க, அது ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியுது. வட கரோலினா கடலோரச் சதுப்பு நிலத்துல அம்மா போயி, அண்ணன் அக்கா எல்லாம் போயி, கடைசியில அப்பாவும் போயி தனியா வளர்ற கயான்னு ஒரு பொண்ணு. ஒரு பக்கம் அவ வளர்ற கதை, இன்னொரு பக்கம் 1969ல சேஸ்னு ஒரு ஊர்க்காரப் பையன் கோபுரத்துக்கு அடியில செத்துக் கிடக்கிற கேஸ். சதுப்பு நிலம் வர்ற இடம் எல்லாம் அப்படியே உட்கார்ந்து படிக்கலாம், கடற்காக்காய்க்கு இரை போடுறது, விடியறதுக்கு முன்னாடி சிப்பி பொறுக்கிட்டுப் போய் ஜம்பின் கடையில விக்கிறது, டேட்னு ஒரு பையன் அவளுக்காக ஒரு மரக்கட்டை மேல அரிய பறவை இறகை வெச்சிட்டுப் போறது, பதிலுக்கு இவ ஒண்ணு வெக்கிறது, பேச்சே இல்லாம இறகுலயே ஒரு பழக்கம் வளருது. அந்த அத்தியாயம் ரொம்பப் பிடிச்சுது.

ஆனா மனுஷங்க வந்தா புத்தகம் தடுமாறுது. ஸ்கூலுக்கு ஒரே ஒரு நாள் போன பொண்ணு, பதின்வயசுல எழுத்து படிச்சு, அப்புறம் சிப்பி பத்தியும் பறவை பத்தியும் புத்தகமே போடுறான்னா அது நடக்காதுன்னு சொல்ல வரல, அந்த வளர்ச்சியை நான் கண்ணால பார்க்கணும், இங்க வருஷம்தான் தாவுது. தனிமையில வளர்ந்தவ, ஆனா காதல்னு வந்தா சினிமா ஹீரோயின் மாதிரி அழகு, அதுவும் ஊர்ல இருக்கிற ரெண்டு பையனுக்கும். கோர்ட் சீன்கள் வழவழன்னு போகுது, நடுவுல வர்ற கவிதைகளை நான் பாதிக்கு மேல படிக்காமலே புரட்டிட்டேன். ஆனாலும் டெஸ்ட்ல இது பாஸ், அதுக்குக் காரணம் ஒரு மின்மினிப்பூச்சி. ஒரு இடத்துல பெண் மின்மினி வேற இனத்துப் பெண்ணோட சிக்னலைப் போலியா காட்டி அந்த இனத்து ஆணை வரவழைச்சு என்ன பண்ணுதுன்னு கயா கவனிப்பா, அது நிஜ உலகத்துலயும் நடக்கிற விஷயம்தான். படிச்சு முடிச்சிட்டு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பாருங்க. ஓவன்ஸும் ஹிகாஷினோ மாதிரியே பொருளை மேஜை மேலயே வெச்சிட்டுத்தான் தேடச் சொல்லியிருக்காங்க.

மனசுக்கு இதமா இருக்கும்னு எல்லாரும் சொல்ற ரெண்டு புத்தகத்தையும் சேர்த்தே சொல்லிடுறேன். மேட் ஹெய்க் எழுதின 'தி மிட்நைட் லைப்ரரி' (2020), நோரா சீட்னு ஒரு பொண்ணு வேலை போயி பூனை செத்து வாழவே வேணாம்னு முடிவெடுக்கிற ராத்திரி, வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவுல ஒரு நூலகத்துல போய் நிக்கிறா, அங்க ஒவ்வொரு புத்தகமும் அவ வாழாமப் போன ஒரு வாழ்க்கை. (தற்கொலை எண்ணம்தான் கதையோட தொடக்கம், மனசு சரியில்லாத நேரத்துல இதை எடுக்காதீங்க.) ஐடியா அருமை, அவளோட வருத்தங்களை எல்லாம் எழுதி வெச்ச ஒரு கனமான புத்தகம் இருக்கும், அதைத் திறந்ததும் மூச்சு முட்டுற இடம் அருமை. நீச்சல் சாம்பியன், ராக் பாடகி, ஆர்க்டிக்ல பனிப்பாறை ஆராய்ச்சின்னு வாழ்க்கை வாழ்க்கையா போறா, ஸ்வால்பார்ட்ல பனிக்கரடி எதிர்ல வந்து நிக்கும்போது எனக்கு சாக வேணாம்னு அவளுக்கே தெரியுது. அங்கயே விட்டிருக்கலாம். விட மாட்டேங்கிறார். ஒவ்வொரு வாழ்க்கை முடிஞ்சதும் அந்த நூலகத்தைப் பார்த்துக்கிற மிசஸ் எல்ம் வந்து என்ன பாடம் கத்துக்கிட்டோம்னு எடுத்துச் சொல்றாங்க, நோராவும் தத்துவம் படிச்சவங்கிறதால அவ பங்குக்கு ரெண்டு மேற்கோள். முடிவு முப்பதாவது பக்கத்துலயே யூகிச்சிடலாம், அது எனக்குப் பிரச்சனையே இல்ல. வாசகன் தானா உணர்ந்ததை மறுபடி அவன்கிட்டயே விளக்குறதுதான் தாங்கல.

தோஷிகாசு கவாகுச்சியோட 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்' இதைவிட எளிமையான புத்தகம், ஆனா இதைவிட நேர்மையானது. ஒரு காஃபி கடை, அதுல ஒரு நாற்காலி, உட்கார்ந்தா பழைய காலத்துக்குப் போகலாம், காஃபி ஆறுறதுக்குள்ள திரும்பிடணும், முக்கியமா அங்க போய் என்ன பண்ணாலும் இங்க எதுவும் மாறாது. மாறாதுன்னா எதுக்குப் போறதுங்கிற கேள்விதான் மொத்த புத்தகமும். முதல்ல மேடை நாடகமா எழுதினதுங்கிறது படிக்கும்போதே தெரியும், யார் எந்தப் பக்கம் நிக்கிறாங்க, மணி எப்போ அடிக்குது, கதவு எப்போ திறக்குதுன்னு ஸ்டேஜ் குறிப்பு மாதிரியே போகும், ரூல்ஸை ஒவ்வொரு கதையிலயும் திரும்பத் திரும்ப சொல்வாங்க, எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. நாலு கதையில ரெண்டாவதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சிடலாம். மறதி நோய் வந்து பொண்டாட்டியையே மறந்துட்ட புருஷன், அவ ஒரு நர்ஸ், அவனுக்கு சங்கடம் வேணாம்னு முன்பின் தெரியாதவ மாதிரியே பக்கத்துல உட்கார்ந்து பேசுறா. மறக்கிறதுக்கு முன்னாடி அவன் எழுதி வெச்ச லெட்டரை வாங்கத்தான் போறா. நீ எனக்கு நர்ஸா இருக்க வேணாம், பொண்டாட்டியா இருக்க முடியலைன்னா விட்டுட்டுப் போயிடுங்கிற அர்த்தத்துல அதுல இருக்கும், பெரிய வசனம் எதுவும் இல்ல. இதுக்கு அடுத்தடுத்த பாகங்கள் நிறைய வந்திருக்கு, அதே ரூல்ஸை இன்னொரு தடவை கேட்கிற பொறுமை எனக்கு இல்ல.

கடைசியா 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி', ஆண்டி வியர், 2021. ஒரு ஆள் கண் முழிக்கிறான், கம்ப்யூட்டர் ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு கேட்குது, பதில் சொல்ல நாக்கு புரள மாட்டேங்குது, தான் யாருன்னே தெரியல, பக்கத்துல ரெண்டு பொணம். எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்க அவன் என்ன பண்றான் பாருங்க, கையில கிடைச்ச பொருளைக் கீழே போட்டு விழுற நேரத்தை ஸ்டாப்வாட்ச்ல அளக்கிறான், கணக்கு போட்டா ஈர்ப்பு விசை 15னு வருது, பூமியில 9.8 தானே இருக்கணும்! ஸ்கூல்ல தூக்கம் வர வெச்ச ஃபார்முலா இங்க வயித்தைக் கலக்குது. அவன் பேர் ரைலண்ட் கிரேஸ், ஸ்கூல் சயின்ஸ் வாத்தியார், சூரியனோட வெளிச்சத்தைத் தின்னுட்டிருக்கிற ஒரு நுண்ணுயிர் பிரச்சனைக்கு விடை தேடி டவ் செட்டி நட்சத்திரத்துக்கு வந்திருக்கான்.

அங்க அவன் தனியா இல்லங்கிறதை படத்தோட ட்ரெய்லர்லயே காட்டிட்டாங்க, அதனால ராக்கிங்கிற வேற்றுகிரக ஆளைப் பத்தி சொல்றேன். கண்ணு கிடையாது, அஞ்சு காலு, பாறை மாதிரி உடம்பு, பேசுறது எல்லாம் இசை ஸ்வரம் மாதிரி, வேலையில கெட்டிக்கார இன்ஜினியர். ராக்கியோட ஜனங்களுக்கு ரேடியேஷன்னா என்னன்னே தெரியாது, அவங்க கிரகத்தோட காத்து மண்டலம் அவ்வளவு அடர்த்தி, எதுவும் உள்ள வராது, அதனால கண்டுபிடிக்க வேண்டிய தேவையே வரல. கூட வந்தவங்க எல்லாரும் எதனால செத்தாங்கன்னே தெரியாம தனியா உட்கார்ந்திருக்கிற ராக்கிக்கு கிரேஸ்தான் காரணத்தை சொல்ல வேண்டியிருக்கும். சயின்ஸ் பாடம் நடத்துற மாதிரி ஆரம்பிச்சு துக்கம் விசாரிக்கிறதுல போய் முடியுற சீன் அது, வியர் இப்படி எழுதுவார்னு எதிர்பார்க்கல.

பூமியில நடக்கிற பகுதி எல்லாம் சுமார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விஞ்ஞானி, ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு குணம். ஞாபகமும் கதைக்கு எப்போ தேவையோ கரெக்டா அப்போதான் திரும்ப வருது. கிரேஸ் அடிக்கிற ஜோக் பாதி, அசந்தா வியரோட 'தி மார்ஷியன்' நாவல் ஹீரோ பேசுற மாதிரியே இருக்கு. பிரச்சனை வரும், ரெண்டு அத்தியாயத்துல தீரும், அடுத்தது வரும், நடுவுல ஒரு நூறு பக்கம் இந்த சுழற்சி அலுத்துப் போச்சு. ஆனா இதுவும் ஹிகாஷினோ ஜாதிதான், தெரிஞ்சுதுன்னா சுவாரஸ்யம் போயிடும்னு பயந்து எதையும் பதுக்கல, ஒண்ணே ஒண்ணைத் தவிர. அது கிரேஸ் அந்தக் கப்பலுக்கு எப்படி வந்து சேர்ந்தான்ங்கிறது, அதை சரியான இடத்துலதான் உடைக்கிறார், உடைச்ச அப்புறம் அவன் மேல மரியாதை குறையுது, குறைஞ்ச பிறகுதான் கடைசியில அவன் எடுக்கிற முடிவுக்கு எடை வருது.

ஆங்கிலத்துல கேட்டுப் பழகினவங்க இதை ஆடியோபுக்கா எடுங்க, ரே போர்ட்டர் வாசிச்சிருக்கார், ராக்கி பேசுற இடத்துல நிஜமாவே ஸ்வரம் கேட்கும், புத்தகத்துல அதுக்கு வெறும் மியூசிக் நோட் படம்தான் போட்டிருக்காங்க. ஆனா அந்தக் கணக்கு போடுற இடங்கள் காதுல நிக்காது, அதுக்கு மட்டும் புத்தகத்தைக் கையில வெச்சுக்கோங்க.